இரண்டாவது பெட்டியைக் கண்டுபிடித்த அக்காவுக்கு

இணைய உதவி மையத்தின் இணையில்லா அக்காவே! எரிந்து விழுந்தவரையும் சிரித்துப் பேச வைத்த இன்சொல்லரசியே! பணி ஓய்வு பெறும் உங்களைப் பிரிய மனமின்றிப் பாராட்ட வந்திருக்கிறோம்.

இருபத்தாறு ஆண்டுகளாக ஆறிய சோற்றையே உண்டீர்கள். பாதி உணவில் அழைப்பு வந்தால் கை கழுவி எழுந்தீர்கள். எங்களையோ வயிறாரச் சாப்பிடச் சொல்லி விரட்டினீர்கள். “அணைச்சுப் போடுங்கன்னு சொல்றதெல்லாம் ஒரு பதிலா?” என்று நீங்கள் கடிந்தது இன்னும் காதில் ஒலிக்கிறது.

அந்த மகளின் அழைப்பை மறப்போமா! படுக்கையில் கிடந்த அப்பாவை வேலையிடத்திலிருந்து பார்க்க வீட்டில் கேமரா வைத்திருந்தார். வீட்டுக்குள் படம் தெரிந்தது. வாசலைத் தாண்டினால் மறைந்தது. படம் தெரியாவிட்டால், கிடைத்த வேலையையே விட வேண்டிய நிலை.

வீட்டுக் கருவிகளுக்குத் தனித்தனி முகவரி. வெளியுலகுக்கோ வீட்டுக்கே ஒரு முகவரி. இரண்டையும் மாற்றிக் கொடுப்பது ரவுட்டர் என்னும் பெட்டி. வெளியிலிருந்து கேமராவுக்கு வழிவிடும்படி அதில் அமைத்தோம். ஒருவர் மாற்றி ஒருவராக அமைத்தோம். அப்போதும் வெளியே படம் வராமல் அத்தனை பேரும் அசடு வழிந்தோம்!

நீங்கள் வந்து கேட்டது ஒரே கேள்வி: “ஏம்மா, வீட்டுல பெட்டி ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டுங்க. லைன் வர்ற பழைய பெட்டி பீரோவுக்குப் பின்னாடி இருக்கு.”

பழையதும் தன் பங்குக்கு முகவரியை மாற்றிக்கொண்டிருந்தது. அங்கே வழி அடைபட்டிருந்தது. அதன் முகவரி மாற்றத்தை நிறுத்தி, அந்த வேலையைப் புதியதிடமே விட்டீர்கள். கேமராவின் கடவுச்சொல்லையும் மாற்ற வைத்தீர்கள். பிறகு கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னீர்கள்.

“அக்கா! அப்பா தெரியறாரு! கையாட்டுறாரு!”

மையமே கைதட்டியது. நீங்கள் மட்டும் மூக்கை உறிஞ்சியபடி, “சரி சரி, அடுத்த லைனை எடுங்க” என்றீர்கள். அழவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறீர்கள். நாங்களும் நம்பியதாகவே நடிக்கிறோம்.

அருமை அக்காவே! நோயின்றி, நிறைவோடு நெடுங்காலம் வாழ்க! இனியாவது சூடாகச் சாப்பிடுங்கள்.

இப்போது முன்வரிசையைச் சற்றுப் பாருங்கள். மகளின் தோளைப் பிடித்து எழுந்து நிற்கிறாரே, அவர்தான் அந்த அப்பா. இந்த முறை உங்களுக்குக் கையாட்டுகிறார்.

மாறா அன்புடன்,
பெட்டி ஒன்றா இரண்டா என்று முதலில் கேட்கக் கற்றுக்கொண்ட,
உதவி மையத் தம்பி தங்கைகள்