நான் ஒண்டும் பூசேல்லைப் பிள்ளை

...அதுதான் சொல்லுறன் எவ்லின், உந்த லைற்றடியில வடிவாப் பாரும். நாடியில, வாய்ப்பக்கத்தில, இஞ்ச காதடி வரைக்கும். கறுப்புக் கறுப்பாப் பரு. போன கிழமை ஒண்டுமில்லை, திடீரெண்டு வந்து நிக்குது. தொட்டா உயிர் போகுது. சோறு சப்ப ஏலாமல் டொறத்தி கஞ்சி காய்ச்சித் தந்தவ. தந்திட்டுச் சிரிச்சவ, அதையும் சொல்லோணும். கட்டின மனுசியே சிரிச்சா வேற ஆர் மதிப்பினம். உம்மட வெள்ளைக் கோட்டை நம்பித்தான் மருந்து கேட்டு இந்த அப்போதெக்கவுக்கு வந்தனான்.

என்ன, ஏதும் பூசினனானோ எண்டோ? சீச்சீ. இந்த வயசில நான் என்னத்தைப் பூசப்போறன். சோப்பும் தண்ணியும்தான். தண்ணியிலதான் எனக்குச் சந்தேகம். இந்தக் கொலோன் நகரத்துப் பைப் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. கேத்தலைத் திறந்து பாரும், உள்ளுக்கு வெள்ளையாப் படிஞ்சு கிடக்கும். கேத்தலுக்கே அப்பிடியெண்டா முகத்துக்கு?... வந்த நாள் தொடக்கம் அதே தண்ணிதானே எண்டு பாக்கிறீர். ஓம், அது சரிதான்.

தோல் டொக்டரிட்டையும் கேட்டனான் பிள்ளை. பாக்கிறதுக்குத் தெர்மின் ஆவணியிலதான் குடுப்பினமாம். எனக்குப் பெரிய வெள்ளிக்கு முகம் வேணும். ஆவணியில அதை வைச்சு நான் என்ன செய்யிறது.

நீரும் எங்கட கோயில் பாட்டுக்குழுதானே, உமக்குத் தெரியும். திருப்பாடுகளின் நாடகத்தில எத்தினை வருசமா நான்தான் முப்பது வெள்ளிக்காசுக்கு யேசுவைக் காட்டிக்குடுக்கிற யூதாஸ். என்னைக் காட்டி, பேனாட்டுக்குச் சொந்த மீசை, சொந்த முழி, மேக்கப் தேவையில்லை எண்டுவார் நாடகம் பழக்கிற பாக்கியநாதர் அண்ணை. அதைக் கேட்டுச் சனம் சிரிக்கும். பூசை முடிஞ்சு வெளிய வந்தா சின்னனுகள் என்னைக் கண்டு தாயின்ர சீலைக்குப் பின்னால ஒளியுங்கள். தமிழ்க்கடையில, வெள்ளிக்காசு எடுக்கமாட்டம் யூதாஸ் அண்ணை எண்டு பகிடி. நானும் சேர்ந்து சிரிக்கிறனான்தான். சிரிச்சுப்போட்டு வீட்டை வந்தா மனசு ஒரு மாதிரிக் கிடக்கும்.

இந்த வருசம்தான் பேதுரு. யேசுவைத் தெரியாதெண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டு, சேவல் கூவினவுடன உடைஞ்சு அழுகிறவர். நல்ல பாத்திரம், தாடியோட. ஆனா உந்தப் பெடியன் பென்ஜமின் பேதுருவின்ர முழு வசனத்தையும் பாடமாக்கிக்கொண்டு சும்மா நிக்கிறான். நேற்று ஒத்திகையில அண்ணை என்ர முகத்தைப் பாத்திட்டு, வெள்ளிக்கு முதல் ஆறாட்டித் தாடியைப் பென்ஜமினிட்டைக் குடுத்திட்டுப் பழைய இடத்துக்கு வாரும் எண்டிட்டார். பழைய இடமெண்டா எதெண்டு விளங்குதுதானே.

என்ன... சேவ் எடுத்தாப்பிறகு போடுற வாசனையோ? இல்லைப் பிள்ளை, பூசேல்லை எண்டு இப்பத்தானே சொன்னனான். சாப்பாடாத்தான் இருக்கும். தவக்காலமெண்டு இறைச்சியை விட்டனான், அந்தக் கவலையில சொக்கிலேற் கொஞ்சம் கூடிப்போச்சு. இல்லாட்டிக் கண்ணூறு, சாமியாரிட்டைச் சொல்லிப்போடாதையும். பென்ஜமின் நல்ல பெடியன்தான், எண்டாலும் கண் கண்தானே.

ஏன் அப்பிடிக் கிட்ட வந்து பாக்கிறீர். கோடோ? நாடியைச் சுத்தி நேராவோ? அது... தலகாணி அமத்தினதாக்கும். சத்தியமா நான் முகத்தில ஒண்டும் பூ...

பொறும், என்ர போன். பயப்பிடாதையும், சேவல்தான். நாடகத்தில கூவுறது என்ர போன்தானே, அந்தச் சத்தத்தையே மணிக்கும் போட்டு வைச்சிருக்கிறன். டொறத்தி கோல் எடுக்கிறா.

சிரியாதையும் பிள்ளை. மேசையைப் பிடிச்சுக்கொண்டு இப்பிடிச் சிரிச்சா சனம் பாக்குது. ஓம், எனக்கும் விளங்குது. ஒத்திகையில ஒருநாளும் உந்தச் சேவல் இவ்வளவு சரியாக் கூவேல்லை.

சரி. பூசேல்லைத்தான், அது பொய்யில்லை. ஒட்டினனான். தாடியை. பசையை அண்ணை வெள்ளிக்கெண்டு பூட்டி வைச்சிருக்கிறார், நான் வீட்டில பழகத்தானே வேணும். தரைக்கம்பளம் ஒட்டுற ரேப் இருக்கெல்லே, ரெண்டு பக்கமும் பிடிக்கிறது, அதால. நல்லாப் பிடிச்சுது. பிய்க்கேக்கதான் தோலும் கொஞ்சம் வந்தது. வேலையால வந்து ஒட்டினா, படுக்கேக்கதான் கழட்டுவன்.

பழக மட்டுமெண்டும் இல்லை. ஒருநாள் தாடியோட குப்பை போடக் கீழ இறங்கினனான். மேல்வீட்டுச் சின்னவள், என்னைக் கண்டா எப்பவும் ஒளியிறவள், கிட்ட வந்து தாடியைத் தொட்டுப் பாத்திட்டு, பேதுரு மாமா எண்டாள். அதுக்குப் பிறகு நான் எப்பிடிப் பிள்ளை ஒட்டாமல் இருக்கிறது.

இந்தக் கிறீமோ? காலமையும் பின்னேரமும். வெள்ளி வரும் வரைக்கும் தாடி படக்கூடாது. சரி, சரி... எங்க போறீர், அடுத்த ஆளைக் கூப்பிடாதையும், ஒரு நிமிசம். பாக்கியநாதர் அண்ணை உம்மட்டை வந்து விசாரிப்பார். தண்ணியால வந்தது எண்டு மட்டும் சொல்லிவிடும். அது ஏலாதெண்டா, பேனாட் எண்ட ஆளையே உமக்குத் தெரியாதெண்டு சொல்லிவிடும்.