பெர்சிஸ் தேடிய முகம்

என் தோல் வறண்ட தோல், இன்ஸ்பெக்டரம்மா. சின்ன வயதிலேயே ஆற்றில் குளித்து ஏறினால் உடம்பெல்லாம் வெள்ளை பூத்துவிடும். அதனால் ஒரு கிழவன் முகத்தில் சீரம் தடவினான் என்பதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாளையங்கோட்டையில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்த தேவசிகாமணி நான். என் மனைவி பெர்சிஸுக்கு மறதி நோய். முதலில் சாவியை மறந்தாள், பிறகு என்னை. புருஷன் அவளுக்கு நினைவில் இருக்கிறான். ஆனால் கல்யாணத்தன்றைய முகத்தோடு. இந்த முகத்தைக் கண்டால், "யாரு நீரு? அவுக வந்தா காலை ஒடிச்சிருவாக" என்பாள். நானே வந்து என் காலை ஒடித்துவிடுவேனோ என்று பயந்து அடுக்களையில் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிப்பது வீட்டுத் தலைவன். நான் வாசித்தால் அவள் ஆமென் சொல்வதில்லை. அந்நியனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

அப்போதுதான் பெப்டைடு சீரம் வாங்கினேன். அமினோ அமிலங்களை ஆய்வுக்கூடத்தில் மணி கோப்பதுபோலக் கோத்துச் செய்வது. சுருங்கிய தோலிடம் போய், உனக்கு இன்னும் வயசாகவில்லை என்று சொல்லுமாம். கடைக்கார மதார், "எங்கன தடவுவீரு அண்ணாச்சி? மடிப்புக்குள்ள போனா திரும்பி வராதுவே" என்றார். பாட்டில் பாட்டிலாகப் போயிற்று. திரும்பி வரவில்லைதான். கண்ணாடி பார்த்து அழுதேன். அழுதால் மருந்து கரையுமே என்று நிறுத்திக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் மகன் ஹெப்ரான் வள்ளியூரிலிருந்து லீவுக்கு வந்தான். அச்சு அசல் என் பழைய முகம். பெர்சிஸ் எழுந்து ஓடினாள். "வந்துட்டீகளா? எம்புட்டு நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்."

"எம்மா, நான் ஒங்க மவன்" என்றான். அவள் காதில் ஏறவில்லை. அன்று அவன் வேதம் வாசித்தான். அவள் ஆமென் சொன்னாள். என்னைக் காட்டி, "இந்தப் பெரியவருக்குச் சோறு போட்டு அனுப்பிருவோம்" என்றாள்.

ஹெப்ரான் நல்ல பையன். "வெயில்ல முகம் கருத்துட்டு, ஒங்க சீரத்தைத் தாங்கப்பா" என்று அவன்தான் கேட்டான். அந்தப் பாட்டிலில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை நிரப்பினேன். "கண்ணை இறுக்க மூடிக்கோலே" என்று சொல்லி, முகத்தில் நானே ஊற்றினேன். கண்ணுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது பாருங்கள்; தகப்பன் அல்லவா.

பெர்சிஸ் ஓடிவந்து அவனை மடியில் போட்டுக்கொண்டாள். "எங்க அவுகள என்னல செஞ்ச?" என்று என்னைக் கேட்டாள்.

பதற்றத்தில் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள், இன்ஸ்பெக்டரம்மா. அவன் முகத்துக் கட்டை அவிழ்க்கட்டும். அப்புறம் புருஷன் யார் என்று அவளைக் கேட்டுப் பாருங்கள்.