வாடை பார்த்த மண்டபம்

காலை ஆறு இருபதுக்கு வெயில் மேற்குச் சுவரைத் தொடும். ஏழு மணிக்குள் படங்கள் ஒவ்வொன்றாக விழிக்கும். ஊர் அலுவலர் என்ற முறையில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், விதானையார். வெளிச்சத்திலிருந்து தொடங்குவதே முறை.

தில்லைநாதன் மாஸ்டர் 1997இல் ஓமந்தையிலிருந்து இடம்பெயர்ந்து அளம்பிலுக்கு வந்தார். முப்பது வருடங்களாக வரைந்த நாற்பத்தொரு நீர்வர்ணப் படங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அவற்றை வைக்கக் கடலோரம் ஒரு மண்டபம் வேண்டும் என்றார். நான் கட்டடங்களுக்குத் திட்டம் கீறும் படவரைஞன். வரைந்து கொடுத்தேன்.

மின்சாரம் இல்லை, ஆகவே கடல் பக்கம் முழுவதும் திறப்பு. படங்களுக்குப் போடக் கண்ணாடி கிடைக்கவில்லை. ஆகவே வெறும் தாள். மழைக்கு மூடத் தென்னோலைக் கிடுகுத் தட்டிகள். மாஸ்டர் வயல் ஊர்க்காரர். வாடைக் காற்று என்றால் அவருக்குக் குளம் நிரப்பும் மழை. அது கடலையும் தூக்கிவரும் என்று தெரியாது.

படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்திய சம்மாட்டி மயில்வாகனத்துக்குத் தெரியும். திறப்பு விழாவிலேயே சொன்னார்.

"மாஸ்டர், இது வாடைக்கு நேரா வாயைத் திறந்துகொண்டு நிக்குது."

"நீங்கள் கருவாட்டைக் காயவையுங்கோ சம்மாட்டியார். படத்தை நாங்கள் பாப்பம்," என்றேன். மாஸ்டர்தான் அதிகம் சிரித்தார்.

என் படம் ஒன்றையும் அவர் கேட்டு வாங்கினார். இருபது வருடங்களுக்கு முன் ஒரு போட்டிக்கு வரைந்தது. அன்று அவர் நடுவர். பார்த்துவிட்டு, "உமக்கு வீடு கீறுற கை" என்றார். அது அவருக்கு நினைவில்லை. எனக்கும் பெரிதாக இல்லை. படத்தைக் கதவுக்குப் பின்னால், வெயிலும் காற்றும் எட்டாத மூலையில் மாட்டினேன். என் அடக்கத்தை எல்லோரும் மெச்சினார்கள்.

கார்த்திகையில் முதல் வாடை எழும்பியபோது மாஸ்டர் காய்ச்சலில் கிடந்தார். தட்டிகளை இறக்கிவிடச் சொல்லிக் கதவுப் பூட்டின் திறப்பை என்னிடம் கொடுத்தனுப்பினார். போனேன். ஒரு தட்டி ஏற்கெனவே இறங்கியிருந்தது. அதையும் தூக்கிக் கட்டினேன். கதவைக் கவனமாகப் பூட்டினேன்.

மூன்றாம் நாள் அவர் போர்வையோடு வந்தார். நாற்பத்தொரு தாளிலும் நிறம் வடிந்து உப்புப் பூத்திருந்தது. அழவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, கடைசியில் கதவைச் சாத்தினார். என் படம் நேற்று வரைந்தது போல இருந்தது. நல்ல படம், விதானையார். பக்கத்தில் வேறொன்றும் இல்லாமல் பார்த்தால் தெரியும்.

மாஸ்டர் அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு திறந்துகிடந்த கடல் பக்கத்தைப் பார்த்தார்.

"உண்மையாச் சொல்லும், பரமேஸ். நீர் கீறினதிலேயே திறமானது இந்த மண்டபந்தானே?"