பெல்லம்மாளைத் தவிட்டுக்கு வாங்கியவள்

மீனாட்சியின் நிழலில் கூடிய இந்த மாதர் சபைக்குத் தலைமை வகிக்கும் ஸ்ரீமதி வசுந்தரா அம்மாள் அவர்களே, பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனதில் பாரமுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவளின் வணக்கம்.

வாந்திபேதிக்கு மருந்து கொடுத்து, அந்த வாந்திபேதியிலேயே போய்ச் சேர்ந்த டாக்டர் துரைசாணிக்காக அழக் கூடியிருக்கிறோம். அவர்கள் பெயர் பெல். பள்ளிக்கூடத்து மணிக்கு இங்கிலீஷில் அதுதான் பேராம். அவர்கள் வீட்டுக்கோ அது குடும்பப் பெயர். இன்று அந்தப் பெயர் எங்கே இருக்கிறது? கல்லறையிலா? கல்வெட்டிலா? சொல்கிறேன்.

சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் ஒச்சம்மாள், அதோ, தூண் ஓரம் இருக்கிறாள். பெற்றதையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்தவள். கடைசிப் பெண் பிறந்ததும், எமனை ஏமாற்ற, பிரசவம் பார்த்த துரைசாணிக்கே அதைத் தவிட்டுக்கு விற்றாள். யாரம்மா அங்கே சிரிப்பது? நம்மில் தவிட்டுக்குப் போனவர்கள் இல்லையா? துரைசாணி முறத்தில் தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கி, மார்போடு அணைத்து, வளர்க்கச் சொல்லிப் பெற்றவளிடமே தந்தார்கள். பெல்லம்மாள் என்று பெயரானது.

காதுகுத்துக்கு முன் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்பது வழக்கம். ஒச்சம்மாள் மீட்கவில்லை. துரைசாணி நினைவூட்டும்போதெல்லாம், "இன்னுங் கொஞ்ச நாளு ஒங்க புள்ளையாவே கெடக்கட்டும் தாயி. வெள்ளைக்காரி வீட்டுக்கு எமன் எங்கிட்டு வரப்போறான்" என்பாளாம்.

வந்தானே, தாய்மார்களே! வந்தானே!

செத்தவள் பேரில் இருக்கும் பிள்ளையைச் செத்தவளே அழைத்துக்கொள்வாள் என்றது ஊர். தவிட்டு முறத்தோடு, மகளையும் இழுத்துக்கொண்டு கல்லறைக்கு ஓடினாள் ஒச்சம்மாள். மண்மேட்டில் தவிட்டைக் கொட்டி மீட்கப்போகையில் மகள் முறத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் ஆத்தா. நீ என்னைய மீட்டுட்டா இந்தக் குழிக்கு ஆருமே இல்ல. நான் அவுக புள்ளையாவே இருந்துக்கிறேன்."

பெற்றவள் தவிட்டை வீட்டுக்குச் சுமந்துபோய் மாட்டுக்குக் கரைத்துவிட்டாள். பயம் போயிற்றா? போகவில்லை. பக்கத்தில் இருக்கும் மகளின் நெற்றியில் காய்ச்சல் சுடுகிறதா என்று இப்போதும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள், பாருங்கள்.

தலைவி அவர்களே, இரங்கல் தீர்மானத்தில் ‘சந்ததியின்றி மறைந்தார்’ என்று வாசித்தீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். துரைசாணியின் மகள் இந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளை மீனாட்சி காக்கட்டும். காதுகொடுத்த உங்களுக்கு நன்றி சொல்லி, வாங்கியவளுக்கும் பெற்றவளுக்கும் சேர்த்துக் கைகூப்பி அமர்கிறேன்.