ஐந்து பங்கர்களின் செபமாலை

“விழுந்து படுங்கோ!”

கத்துகிறவன் நான்தான். சைரன் ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. நான் தரையில். முகத்துக்குக் கீழே சுக்குத் தூள். கைகள் காதைப் பொத்தியிருக்கின்றன. வாய் திறந்திருக்கிறது. வாயைத் திறந்து வைத்தால் செவிப்பறை கிழியாது. யாரும் சொல்லவில்லை. உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது.

கொச்சி, மட்டாஞ்சேரி. பட்டப்பகல். நான் எடை போடும் மசாலாப் பண்டகசாலை. எடை மேசைக்கு அடியில் என் தலை மட்டும் நுழைந்திருக்கிறது. மீதி வெளியே. இத்தனை வருடச் சோறு மீதியை உள்ளே விடவில்லை.

“எந்தா அண்ணாச்சி, இது மோக் டிரில் ஆணு!” முதலாளி நாசர் இக்கா சிரிக்கிறார். “பத்திரத்தில வந்நல்லோ. வாயிச்சில்லே?”

வாசிக்கவில்லை. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. வடக்கே எல்லையில் சண்டை. அதனால் இங்கேயும் ஒத்திகை. ஊருக்கே தெரியும். வன்னியில் தமிழ் வாத்தியாராக இருந்தவன், மாதா திருநாளுக்குச் சிரிப்பு நாடகம் எழுதியவன், கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தவன் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை.

சுமைக்காரர்களும் சிரிக்கிறார்கள். நானாக இருந்தாலும் சிரிப்பேன். எழப் பார்க்கிறேன். கால் வரவில்லை. சைரன் நிற்கவில்லை.

டுப்.

இது இங்கே இல்லை. அங்கே. ஷெல் புறப்படும் சத்தம். டுப். பிறகு கூவல். கூவல் தலைக்கு மேலே நீண்டு போனால் அது வேறு யாருக்கோ. நடுவில் நின்றால் நமக்கு.

வன்னிக் கடற்கரை மணல். போரின் கடைசி மாதங்கள். தவக்காலம். பங்கர் என்றால் நெஞ்சளவு குழி. மேலே பனங்குற்றி. சுற்றிலும் மண்மூட்டை. சாக்கு கிடைக்கவில்லை. சேலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பினோம். என் மனைவி யசிந்தா தன் கூறைச் சேலையையும் தைத்தாள். “கலியாணத்தண்டு பாரமா இருக்கெண்டு அழுதனீர். இப்ப தூக்கிப் பாரும்,” என்றேன். ஊசியை என் பக்கம் நீட்டினாள்.

நான் அவளுடைய பங்கரில் இருக்கவில்லை. அதில் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் இரவே என்னை வெளியேற்றினார்கள்.

“உங்கட குறட்டைக்கு ஷெல் பரவாயில்லை. சூசை அண்ணையோட போய்ப் படுங்கோ!” யசிந்தாதான் கத்தினாள்.

நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் என் குறட்டை. என் நாடகம் ஒன்றில் இப்படி எழுதியிருந்தால் சனம் கல்லெறிந்திருக்கும்.

சூசை அண்ணை எங்கள் கோயிலில் மணி அடித்தவர். கோயில் போயிற்று. மணியும் போயிற்று. மணி அடிக்கும் நேரம் மட்டும் அவரிடம் மிச்சம். பொழுது சாய்ந்ததும் குழிக்குள்ளிருந்து குரல் எடுப்பார். “அருள் நிறைந்த மரியாயே வாழ்க.” முன்பாதி எங்கள் பங்கர். பின்பாதியை மற்ற நான்கும் சொல்லும். கோயிலில் சொல்வது போலத்தான். சில நாட்களில் அதற்கு இன்னொரு வேலையும் வந்தது. பதில் வந்தால் அந்தக் குழியில் ஆள் இருக்கிறது.

யசிந்தா செபத்தில் எப்போதும் பிந்துவாள். சுருதியும் சேராது. எல்லாரும் முடித்த பிறகு ஓர் ஆமென் தனியாக வரும். கலியாணமான நாளிலிருந்து அதைச் சொல்லிப் பகிடி பண்ணினேன். பங்கரில் அந்த ஒற்றை ஆமெனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது வந்த பிறகுதான் செபமாலையில் அடுத்த மணியை உருட்டுவேன்.

முதலில் கடைசிப் பங்கர் பதில் சொல்வதை நிறுத்தியது. மிச்சம் மூன்று பங்கரின் குரல்.

பிறகு அந்த மாலை. டுப். கூவல். கூவல் நின்றது. மணல் எங்கள் மேல் கொட்டியது. காதில் நீளமாக ஓர் இரைச்சல். ஏறிப் பார்க்கத் தலையைத் தூக்கினேன். “தலையை எடுக்காதை! படு!” சூசை அண்ணை என் காலைப் பிடித்து இழுத்தார். அடுத்தது விழுந்தது. அதற்கடுத்தது. ஓய்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவர் குரல் எடுத்தார். இரண்டு பங்கர் பதில் சொல்லின. இரண்டும் ஒழுங்காக முடித்தன. காத்திருந்தேன். பிந்தி எதுவும் வரவில்லை.

தவழ்ந்து போனேன். பார்த்தேன். பார்த்ததை எழுதமாட்டேன். கூறைச் சேலை கிழிந்து மண் முழுவதும் கொட்டியிருந்தது. அதை மட்டும் எழுதுகிறேன்.

கடவுளுக்கு நல்ல பகிடி தெரியும் என்று என் நாடகத்தில் ஒரு வசனம் உண்டு. அன்று அந்த வசனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவரையும் திருப்பி அனுப்பப் பார்த்தேன். செபமாலையை மணலில் எறிந்தேன். சூசை அண்ணை தேடி எடுத்து வந்து என் கையில் திணித்தார். “அங்கால ரெண்டு குழி பதில் சொல்லக் காத்திருக்கு, வாத்தியார். நீ கோவத்தில இரு. ஆனா சொல்லு.”

சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன். இரண்டு குழி. பிறகு ஒன்று. பெரிய வெள்ளிக்கு முன் சூசை அண்ணை என் தோளில் சாய்ந்தபடியே போனார். அன்று மாலை முன்பாதியை நான் சொன்னேன். கடலிரைச்சல். மிச்சமிருந்த அந்த ஒரு குழியிலிருந்தும் பதில் இல்லை. பின்பாதியை நானே சொல்லியிருக்கலாம். சொன்னால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லவில்லை.

இன்றும் சொல்வதில்லை. முள்கம்பி முகாமில் சொல்லவில்லை. படகில் சொல்லவில்லை. இங்கே கோயிலில் முன்பாதியோடு வாயை மூடிக்கொள்கிறேன். என்னோடு சுக்குப் புடைக்கும் மேரிச் சேச்சி பக்கத்து வரிசையில் இருப்பார். “ஈ அண்ணாச்சிக்குப் பகுதியே அறியுள்ளூ,” என்று ஞாயிறுதோறும் சிரிப்பார். இருக்கட்டும். பாதிதான் தெரியும். அந்தப் பாதியை ஒரு நாளும் விட்டதில்லை.

சைரன் இன்னும் ஏறுகிறது. மேசைக்கு அடியில் என் வாய் அசைகிறது. “அருள் நிறைந்த மரியாயே வாழ்க.” தொடர்கிறேன். நிறுத்துகிறேன். காத்திருக்கிறேன்.

பக்கத்தில் யாரோ முழங்காலிடுகிறார்கள். முறம் தரையில் படுகிறது. “பரிசுத்த மறியமே, தம்புரான்டெ அம்மே…” மேரிச் சேச்சி. சிரிக்கவில்லை. இப்பொழுதும் மரண சமயத்திலும் என்ற இடத்தையும் விடாமல் சொல்கிறார். முடிக்கிறார். ஆமென்.

இத்தனை வருடத்தில் என் பாதிக்கென்றே தனியாக வந்த முதல் பதில். நாசர் இக்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை.

சைரன் இப்போது ஒரே சுருதியில் நீளமாக ஊதுகிறது. ஆபத்து நீங்கியது என்று அர்த்தமாம். அங்கே எங்களுக்கு யாரும் அப்படி ஊதவில்லை. அடுத்த முறை ஏறி இறங்கும் சைரன் ஒத்திகைதானா என்று நாசர் இக்காவும் எனக்கு உறுதி சொல்லவில்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார்.

நான் இன்னும் தரையில். பதில் வந்துவிட்டது. பழக்கம், இன்னும் காத்திருக்கிறேன்.

போனவை இவை. ஒரு கோயில். அதன் மணி. அதை அடித்த சூசை அண்ணை. ஐந்து பங்கரில் ஐந்தும். அவற்றிலிருந்தவர்களில் என்னைத் தவிர எல்லாரும். ஒரு கூறைச் சேலை. யசிந்தா. பிந்தி வரும் ஓர் ஆமென்.