ஆறாவது பக்கத்தில் மலரக்கா

சுங்கைப் பட்டாணி போட்டோஸ்டாட் கடையில் அன்றைக்கு இருந்தவர்கள்: கடைக்கார பாய், காமிக்ஸ் அச்சடிக்க வந்த அண்ணனும் தங்கையும், கையுறைத் தொழிற்சாலைச் சட்டையில் ஓர் அக்கா, வரிசையில் கடைசியாக நான். என் முறை வருவதற்குள் பாய் கடையை மூடிவிடுவாரோ என்று எனக்குக் கவலை.

“ஆறாவது பக்கத்துல மலரக்காவைக் கொல்ல மாட்டேன்” என்றாள் தங்கை.

யாரைக் கொல்வது என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கையிலிருந்த காமிக்ஸ் படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கதை எழுதுவது அண்ணன், வரைவது அவள். மலர், ஹீரோவின் அக்கா.

“ஹீரோவுக்குக் கோவம் வரணும்லா?” என்றான் அண்ணன்.

“மொத புக்குல அவன் அம்மா செத்தாங்க. ரெண்டாவதுல காதலி. இப்ப அக்காவா? அடுத்த புக்குல அவனுக்குக் கோவம் வர்றதுக்குச் சாக பொம்பளையே மிச்சமில்லண்ணே. நேத்து பைப்புல தண்ணி வரலன்னு நீ குதிச்சியே, யாரு செத்தா?”

தொழிற்சாலை அக்கா சிரித்துவிட்டார். தங்கை விடவில்லை.

“வில்லன் இருட்டுல ரப்பர் தோட்டத்துல பதுங்குறான். தெனம் விடியறதுக்கு முன்னால அங்க மரத்தைக் கீறி பால் வெட்டுறது யாரு? மலரக்கா. நெத்தியில லைட்டு, கையில கத்தி. உன் ஹீரோ அன்னைக்குத்தான் தோட்டத்துக்குள்ளயே வர்றான். வில்லனை அவதான் பிடிப்பா.”

“அப்ப ஹீரோ என்னதான் பண்ணுவான்?”

“வேர் தடுக்கி விழுவான்.”

பாய் பொறுமையிழந்தார். “தம்பி, மெஷின் சூடாயிருச்சு. சாவு உண்டா, இல்லையா?”

அண்ணன் தலையைச் சொறிந்தான். “இல்ல பாய். ஆனா புதுசா வரையணுமே.”

“நேத்தே வரைஞ்சிட்டேன்” என்று அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

“எனக்கும் ஒண்ணு போடுங்க பாய்” என்றார் தொழிற்சாலை அக்கா. “எங்க ஃபேக்டரி லைன்ல கூட வேலை செய்றவங்களுக்குக் காட்டணும்.”

மெஷினிலிருந்து தாள் வெளியே வந்தது. படத்தில் மரத்தோடு கட்டப்பட்டுக் கிடந்தான் வில்லன். மலரக்கா முன்னால் நடக்க, ஹீரோ அவளுடைய பால் வாளியைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான்.