பூனை நடை

என் தங்கை புருஷனுக்கு நான் தர வேண்டியிருந்தது பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அந்த நாற்பதையும் விடாமல் சொல்வான். கணக்கில் சுத்தமான ஆள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஐயா கேட்டதால் சொல்கிறேன். எனக்குக் கட்டடங்களில் சாரம் கட்டுகிற வேலை, அவனுக்குப் பூச்சு வேலை. சாரத்தில் பலகையைக் கட்டியவன்தான் முதலில் அதன்மேல் நடந்து காட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எனக்கோ முழங்கால் வலி. அதனால் அவனைக் கொஞ்சம் புகழ்ந்து தூக்கி வைத்தேன்.

"மாப்ள, நீ நடந்தா பலகைக்கே தெரியாதுய்யா. பூனை தோத்துது போ."

"சும்மா ஐஸ் வைக்காத மச்சான்" என்பான். ஆனால் காது சிவந்துவிடும். மறுநாளிலிருந்து எனக்குப் பதில் அவன் நடந்தான். பூனை என்கிற பேரும் நிலைத்துவிட்டது. "பூனைக்கு எதுக்குய்யா பெல்ட்டு?" என்று ஒருநாள் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். விழாமல் பிடிக்கிற இடுப்பு பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கழற்று என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் சொன்னான்: "மச்சான், நாளைக்குள்ள தரலேன்னா மேஸ்திரிகிட்ட சொல்லி உன் கூலியில பிடிச்சுக்குவேன்." நியாயமான பேச்சுதான். நான் கோபப்படவில்லை.

மறுநாள் காலை ஐந்தாவது மாடியில் பலகை போட்டேன். ஒரு முனையைக் கட்டினேன். மறுமுனையைக் கட்டவில்லை. மறதி இல்லை, கயிறு என் கையில்தான் இருந்தது.

"கட்டிட்டியா மச்சான்?"

"பூனைக்கு யாராச்சும் பாதை போட்டுக் குடுப்பாங்களா? நட ராசா, கீழ எல்லாரும் உன்னத்தான் பாக்கறாங்க."

சிரித்துக்கொண்டே நடந்தான். நாலு அடி அழகாகத்தான் வைத்தான்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனேன். சுவரில் அவன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவளே பேச்செடுத்தாள். "அந்தக் காச விட்டுடுண்ணே, நீ தர வேணாம். உன்ன மாதிரி அவர மெச்சினவங்க வேற யாரு இருக்கா?"

"இந்த மனசு யாருக்கும்மா வரும்" என்றேன்.

அழுது வீங்கிய முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. ஒரு நல்ல வார்த்தைக்கு ஜனங்களுக்கு எவ்வளவு பசி, பாருங்கள். நான் யாரையும் பட்டினி போட்டதில்லை ஐயா.